அன்ரி-பிளாக் ரேசிசம்: தமிழில் எந்தச் சொல்?

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஒரு கத்தோலிக்கப் பள்ளி பெற்றோருக்கு அனுப்பும் அறிவித்தலைத் தமிழாக்கும் வேலை ஒருமுறை என்னிடம் வந்தது. ஆசிரியர்களுக்கு ‘அன்ரி-பிளாக் ரேசிசம்’ (anti-Black racism) பற்றி ஒருநாள் பயிற்சி, அன்று பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை, அவ்வளவுதான் விஷயம். ‘கறுப்பின எதிர்ப்பு நிறவெறி’ என்று எழுதி, விளங்குகிறதா பாருங்கள் என்று மாமியிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “கறுப்பு ஆக்கள் எதிர்ப்புத் தெரிவிக்கினமோ? ஊர்வலமோ? அதுக்குத்தான் பள்ளிக்கூடம் லீவோ?”

மாமியில் பிழை இல்லை. தமிழில் ‘எதிர்ப்பு’ இரண்டு பக்கமும் திரும்பும் சொல். இந்தி எதிர்ப்பு என்றால் இந்தியை எதிர்ப்பது. மக்கள் எதிர்ப்பு என்றால் மக்கள் எதிர்ப்பது. ‘கறுப்பின எதிர்ப்பு’ என்றதும் வாசிப்பவர் இரண்டாவது பக்கம்தான் போவார். பாதிக்கப்பட்டவரையே கொடி பிடிப்பவராக்கிவிடும் மொழிபெயர்ப்பு அது. ஆகவே முதல் திருத்தம் சுலபம்: ‘கறுப்பினத்தவருக்கு எதிரான’ என்று வேற்றுமையை விரித்து எழுதிவிட வேண்டும். நீளம்தான், பரவாயில்லை.

‘நிறவெறி’தான் எனக்குப் பெரிய தலையிடியாக இருந்தது. தென்னாப்பிரிக்காவையும் மண்டேலாவையும் பற்றி எழுதி எழுதித் தமிழில் ஊன்றிவிட்ட சொல் அது. ஆனால் அதன் இரண்டு பாதியும் இங்கே வழி தவற வைக்கும். ‘நிறம்’ என்றதும் நமக்கு முகப்பூச்சும் கல்யாணப் பேச்சும் நினைவுக்கு வரும். “நாங்களும் கறுப்புத்தானே, எங்களிட்ட எங்கால நிறவெறி?” என்று ஒரே வாக்கியத்தில் கதையை முடித்துவிடலாம். அந்த வாக்கியத்தை நான் எத்தனையோ வரவேற்பறைகளில் கேட்டிருக்கிறேன். தோல் கறுத்திருப்பதும், மூதாதையரை விலை பேசிக் கப்பலில் ஏற்றிய வரலாற்றைச் சுமப்பதும் ஒன்றல்ல.

‘வெறி’ இன்னும் மோசம். சங்கப் பாடல்களில் வேலன் முருகேறி ஆடுவது வெறியாட்டு. இன்றும் சாதிவெறி, குடிவெறி, வெறிநாய் என்கிறோம். தன்னிலை மறந்தவனுக்குத்தான் அந்தச் சொல். ஓர் ஆசிரியரிடம் ‘நிறவெறியை எதிர்கொள்ளுங்கள்’ என்றால் அவர் வகுப்பைச் சுற்றிப் பார்ப்பார். கண் சிவந்து கத்துகிறவர் யாரும் இருக்கமாட்டார். சரி, நம் பள்ளியில் இல்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்துவிடுவார்.

எனக்குப் பிடித்த சொல் ‘இனவாதம்’. இலங்கைத் தமிழருக்கு அதை விளக்கத் தேவையில்லை. 1983 ஜூலைக் கலவரத்தில் வெறி தெரிந்தது, நெருப்பும் தெரிந்தது. ஆனால் 1970களில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தமிழ் மாணவரிடம் கூடிய புள்ளி கேட்ட தரப்படுத்தலில் யார் வெறியோடு நின்றார்? அது காகிதத்தில் வந்தது, வெட்டுப்புள்ளியாக வந்தது. அதையும் இனவாதம் என்றுதான் சொன்னோம். கத்துவதையும் காகிதத்தையும் சேர்த்துப் பிடிக்கிற சொல் நம் கையிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டு வாசகருக்கு ‘இனவாதம்’ கொஞ்சம் அரசியல் மேடை வாடை அடிக்கலாம். அவர்கள் ‘இனப்பாகுபாடு’ என்பார்கள். பாகுபாடு செயலைக் குறிக்கிறது, அதற்கு அடியில் கிடக்கும் நம்பிக்கை ‘வாதம்’ என்பதில்தான் வருகிறது.

‘இனம்’ என்ற சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. குறளில் அது பிறப்பு அல்ல, கூட்டு. ‘இனத்தானாம் இன்னான் எனப்படுஞ் சொல்’ என்று சிற்றினம் சேராமையில் வருகிறது: நீ யாரோடு சேர்கிறாயோ அதை வைத்துத்தான் ஊர் உன்னை இன்னான் என்னும். சேர்க்கையை மாற்றலாம். ‘ரேஸ்’ அப்படியில்லை. இத்தாலியில் ‘ராட்சா’, ஸ்பெயினில் ‘ராசா’, பிரெஞ்சில் ‘ராஸ்’ என்று வழங்கிய அந்தச் சொல் குதிரைக் கொட்டிலில் நிறையப் புழங்கியது. 1611இல் கோவர்ருபியாஸ் தொகுத்த ஸ்பானிய அகராதி, முதலில் சூடு போட்டு அடையாளமிட்ட நல்ல சாதிக் குதிரை என்று பொருள் சொல்கிறது. அப்புறம் மனிதரிடம் வந்ததும் அது இழிவாகிறது: மூரினத்தவரின் அல்லது யூதரின் ‘ராசா’ கொஞ்சம் இருப்பது. ஞானஸ்நானம் பெற்றிருந்தாலும் இரத்தத்தில் கறை உண்டு என்ற எண்ணம் அது. 1449இல் ஸ்பெயினின் டொலேடோ நகரத்தில் இத்தகையவரைப் பதவிகளிலிருந்து விலக்கச் சட்டமே போட்டார்கள். கத்தோலிக்கத் துறவியர் அமைப்பான இயேசு சபையும் 1593இல் அத்தகைய வம்சத்தவரைச் சேர்ப்பதில்லை என்று தீர்மானித்தது. அந்த விதி முழுதாக நீங்கியது 1946இல்.

கத்தோலிக்க ஆசிரியருக்கு இந்தச் சொல் வெளியிலிருந்து வந்த விருந்தாளி அல்ல என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். 1452இல் பாப்பரசர் ஐந்தாம் நிக்கோலஸ் போர்த்துக்கல் அரசருக்குக் கொடுத்த ஆணையில், சரசேனியரையும் (முஸ்லிம்களையும்) புறமதத்தினரையும் நிரந்தர அடிமைகளாக்கும் அனுமதி இருக்கிறது. அடிமை வியாபாரத்தைக் கண்டித்து 1839இல் பதினாறாம் கிரகோரி எழுதியதும் அதே திருச்சபையின் வரலாறுதான். வகுப்பில் பின்னதை மட்டும் சொல்வது வசதியானது.

‘அன்ரி-பிளாக் ரேசிசம்’ என்ற முழுத் தொடர் மிக இளையது, ரொறன்ரோப் பிள்ளை. சமூகப்பணிப் பேராசிரியர் அகுவா பெஞ்சமின் உருவாக்கியதாகச் சொல்வார்கள். 1992 மே 4ஆம் திகதி யங் வீதியில் கலவரம் நடந்தது. அமெரிக்காவில் ரொட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்த பொலிஸாரை விடுவித்த தீர்ப்பு ஒரு காரணம். அதற்கு இரண்டு நாள் முன்னால் ரொறன்ரோவிலேயே ஒரு கறுப்பு இளைஞரைப் பொலிஸ் சுட்டுக் கொன்றிருந்தது. என்ன நடக்கிறது என்று பார்த்துச் சொல்லும்படி மாகாண முதல்வர் கேட்க, அடுத்த மாதமே முன்னாள் அரசியல்வாதி ஸ்டீபன் லூயிஸ் அறிக்கை கொடுத்தார். எல்லாச் சிறுபான்மையினரும் பாகுபாட்டைச் சந்திக்கிறார்கள், ஆனால் வேரில் இருப்பது கறுப்பினத்தவருக்கு எதிரான இனவாதம் என்று அதில் எழுதினார். பொலிஸோடு நிறுத்தவில்லை. பள்ளியில் பொருந்தாத பிரிவுகளில் தள்ளப்படுவதும் இடையில் விலகுவதும் கறுப்பு மாணவரே என்று பள்ளியையும் இழுத்தார்.

அதற்கு 25 ஆண்டு கழித்து, 2017இல் யோர்க் பல்கலைக்கழகத்தின் கார்ல் ஜேம்ஸ் வெளியிட்ட ஆய்வில் எண்கள் இருந்தன. ரொறன்ரோ பொதுக் கல்விச் சபையின் தரவுகள் அவை. பல்கலைக்கழகத்துக்கு இட்டுச்செல்லும் ‘அக்கடமிக்’ பிரிவில் கறுப்பு மாணவர் 53 வீதம், வெள்ளை மாணவர் 81 வீதம். உயர்பள்ளி முடிவதற்குள் ஒருமுறையாவது இடைநிறுத்தப்பட்டவர்கள் கறுப்பு மாணவரில் 42 வீதம், வெள்ளையரில் 18. எந்த ஆசிரியரும் வெறி பிடித்து இதைச் செய்யவில்லை. “இவனுக்கு ‘அப்ளைட்’ போதும், கஷ்டப்படுத்த வேண்டாம்” என்று, பாடம் இலகுவான மற்றப் பிரிவைக் காட்டி, அன்பாகச் சொல்லியிருப்பார்கள். 2022 செப்ரெம்பரில் 9ஆம் வகுப்பில் இந்தப் பிரிவு பிரித்தலை மாகாணம் முழுதாகக் கைவிட்டது. ஒரு பயிற்சி நாளில் ஒரே ஒரு காரியம் செய்ய நேரம் இருக்கிறது என்றால், தான் எழுதிய பரிந்துரைகளையும் இடைநிறுத்தக் கடிதங்களையும் ஆசிரியர் எடுத்து வைத்துப் பெயர்களைப் பார்ப்பது போதும் என்பது என் எண்ணம்.

இன்னொரு சொல்லையும் பார்க்க வேண்டும்: ‘செப்பரேற் ஸ்கூல்’. ஒன்ராறியோவில் கத்தோலிக்கப் பள்ளிக்குச் சட்டத்தில் உள்ள பெயர் அதுதான், தனிப்பள்ளி. ‘கத்தோலிக்க’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு ‘எல்லோருக்கும் பொதுவான’ என்று பொருள். பொது என்று பெயர் வைத்துக்கொண்ட பள்ளி சட்டத்தில் தனி. இது வெறும் வேடிக்கையாக இருந்திருக்கலாம். ஆனால் 1850ஆம் ஆண்டுச் சட்டத்தில் 12 குடும்பத் தலைவர்கள் கேட்டால் தனிப்பள்ளி அமைக்கலாம் என்று சொன்ன அதே பிரிவு, புரட்டஸ்தாந்தர், உரோமன் கத்தோலிக்கர், ‘நிறத்தவர்’ என்று மூவரையும் ஒரே மூச்சில் குறிப்பிடுகிறது. கத்தோலிக்கருக்கு அது கேட்டு வாங்கிய உரிமை. கறுப்பினத்தவருக்கு அது அடைத்த கதவு. டெனிஸ் ஹில் என்ற கறுப்பு விவசாயி தன் மகனை ஊர்ப் பள்ளியில் சேர்க்க நீதிமன்றம் போய் 1853இல் தோற்றார். தனிப்பள்ளி இருந்தால் அங்கேதான் போக வேண்டும் என்றது தீர்ப்பு. ஒன்ராறியோவின் முதல் கறுப்பு மாகாணசபை உறுப்பினர் லெனர்ட் பிரெய்த்வெய்ட் பேசி, 1964இல்தான் அந்த வரி நீங்கியது. கறுப்பினத்தவருக்கான கடைசித் தனிப்பள்ளி மூடியது 1965இல். நம்மவர் பலர் பிறந்த பிறகு.

இதைவிடப் பழைய வகுப்பறை ஒன்று எனக்குத் தெரியும். கியூபெக், 1632. போல் லெ ஜூன் என்ற இயேசு சபைக் குரு, ஒரு பக்கம் ஒரு பூர்வகுடிச் சிறுவனையும் மறுபக்கம் ஆபிரிக்கச் சிறுவனையும் வைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்ததாகத் தன் ஆண்டறிக்கையில் எழுதுகிறார். இத்தனை காலம் படிப்பித்துவிட்டு மறுபடி அரிச்சுவடிக்கே வந்துவிட்டேன் என்று சந்தோஷமாகவே எழுதுகிறார். அந்த ஆபிரிக்கப் பிள்ளை விலைக்கு விற்கப்பட்டவன். ஞானஸ்நானம் பெற்றால் எங்களைப் போல ஆவாய் என்று சொன்னார்களாம். நான் கறுப்பு, நீங்கள் வெள்ளை, அப்படியென்றால் என் தோலை உரிக்க வேண்டி வருமே என்றானாம் அவன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களோடு சேர்ந்து அவனும் சிரித்தான். லெ ஜூன் கொடியவர் அல்ல, பிள்ளைகளை நேசித்தவர். அந்தச் சிரிப்புக்கு ‘நிறவெறி’ என்று பெயர் வைத்தால் பொருந்தாது. கனடாவில் பெயர் பதிவான முதல் ஆபிரிக்க அடிமை என்று ஒலிவியே லெ ஜூனைச் சொல்வார்கள். அவன் இவன்தான், குருவின் குடும்பப் பெயரையே வாங்கிக்கொண்டவன்.

கடைசியாக நம் சொற்கள். ரொறன்ரோத் தமிழ் வீடுகளில் கறுப்பினத்தவரைக் குறித்து ‘கறுவல்’, ‘காப்பிலி’ என்று வெகு சாதாரணமாக விழும். காப்பிலியின் வேர் அரபு ‘காஃபிர்’, போர்த்துக்கீசர் வழியாக ‘காஃப்ரே’ ஆகி இலங்கைக்கு வந்தது. புத்தளத்துக்குப் பக்கத்தில் சிரம்பியடியில் ஆபிரிக்க வம்சாவளியினர் இன்றும் இருக்கிறார்கள், பெரும்பாலும் கத்தோலிக்கர்கள்.

பள்ளி நடைபாதையில் ஒரு தமிழ்ப் பிள்ளை அருகிலுள்ள கறுப்புப் பிள்ளையைக் குறித்து இந்தச் சொல்லை இன்னொரு தமிழ்ப் பிள்ளையிடம் சொல்லிச் சிரித்தால், பக்கத்தில் நிற்கும் ஆசிரியருக்கு விளங்காது. குறிவைக்கப்பட்ட பிள்ளைக்குப் பெரும்பாலும் விளங்கும், ஏனென்றால் ஒரு வருடம் தமிழரோடு படித்தால் முதலில் பொறுக்கும் சொற்கள் இவைதான். அந்தப் பள்ளியில் ஒரு தமிழ் ரீச்சர் இருந்தால் அதைப் பிடிக்கக்கூடியவர் அவர் ஒருவர்தான். கேட்காத மாதிரிப் போகலாம். நின்று, “தம்பி, இப்ப என்ன சொன்னீர்? இவருக்கு முன்னால திருப்பிச் சொல்லும் பாப்பம்” என்று தமிழிலேயே கேட்கலாம்.

அறிவித்தல் ‘கறுப்பினத்தவருக்கு எதிரான இனவாதம்’ என்று திருத்திப் போனது. மாமிக்கும் ஒரு பிரதி காட்டினேன். “இனவாதமோ?” என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்ப நாங்கள் வீட்டில சொல்லுற அந்தச் சொல்லும் இதுக்குள்ள வருமோ?” என்றார்.