ஒரு வயல் தரிசானால் பக்கத்து வயல் என்ன ஆகும்?

உத்தராகண்ட் மலைகளில் ஆள் இல்லாத ஊர்களைப் பற்றி வருடத்துக்கு நாலு கட்டுரையாவது வந்துவிடும். பூட்டிய மரக்கதவு, இடிந்த கல் கூரை, வாசலில் ஒற்றைப் பாட்டி. "பேய் கிராமம்" என்று தலைப்பு. படம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கேமராக்காரர் கொஞ்சம் திரும்பி வீட்டுக்குக் கீழே இருக்கும் சரிவை எடுத்திருந்தால் இன்னும் உருப்படியாக ஏதாவது புரிந்திருக்கும். கதையே அந்த வயல்களில்தான் நடக்கிறது.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். பௌரி கட்வால் மாவட்டத்தில் 2001 கணக்கெடுப்பில் 6,97,078 பேர், 2011-ல் 6,87,271 பேர். பத்து வருடத்தில் இந்தியாவே பெருகிக்கொண்டிருந்தபோது இங்கே தலை குறைந்திருக்கிறது. பக்கத்தில் குமாவுன் பகுதியிலுள்ள அல்மோரா மாவட்டமும் அப்படித்தான். 2017-ல் மாநில அரசு இதற்கென்றே ஒரு இடப்பெயர்வு ஆணையம் அமைத்தது. அது 2018-ல் கொடுத்த அறிக்கைப்படி, 2011-க்குப் பிறகு மட்டும் 734 கிராமங்களும் குக்கிராமங்களும் ஆளே இல்லாமல் போயிருக்கின்றன. ஏன் போனீர்கள் என்று கேட்டால் ஏறக்குறைய பாதிப்பேர் வேலை என்கிறார்கள், அப்புறம் பிள்ளைகள் படிப்பு, அப்புறம் ஆஸ்பத்திரி. காட்டு விலங்குத் தொல்லை என்று சொன்னவர்கள் மிகச் சிலர்தான்.

ஆனால் ஊரிலேயே இருந்துகொண்டு விவசாயத்தை விட்டவர்களைக் கேட்டால் பதில் வேறு. பன்றி, குரங்கு, மறுபடியும் பன்றி. ஒருவர் போவதற்கான காரணமும் மிஞ்சியவர் கைவிடுவதற்கான காரணமும் ஒன்றில்லை. இரண்டாவது, முதலாவதிலிருந்து பிறக்கிறது.

எப்படி என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஊரில் பத்துக்குப் பத்து என்று கட்டம் கட்டமாக நூறு வயல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காட்டை ஒட்டிய ஓர வயல்கள் 36. மீதி 64 வயலுக்குப் பக்கத்தில் காடே கிடையாது, சுற்றிலும் இன்னொருவர் வயல்தான். காட்டுப்பன்றி பகலில் புதரில் படுத்திருந்து ராத்திரி மேய வரும் மிருகம்; ஒளிவிடத்தை விட்டு ரொம்ப தூரம் திறந்த வெளியில் நடக்க அதற்கு விருப்பமில்லை. அதனால் ஓரத்து 36 வயலைக் காவல் காத்தால் உள்ளே இருக்கும் 64-ம் சும்மாவே காப்பாற்றப்படும். இப்போது பெரும்பாலான வீடு காலியாகி, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்து வயல் மட்டும் பயிராகிறது என்றால்? பத்துமே ஓர வயல். ஒவ்வொன்றுக்கும் நாலு பக்கமும் புதர். காவலுக்கு முறை போட முன்பு ஐம்பது வீடு இருந்தது, இப்போது ஐந்து வீடு, அதிலும் பாதிப்பேர் அறுபது தாண்டியவர்கள். ராத்திரி முழுக்கத் தகரத்தைத் தட்டிக்கொண்டு எத்தனை நாள் உட்கார முடியும்? அந்தப் பத்தில் ஒருவர் விட்டதும் ஒன்பதின் நிலைமை இன்னும் மோசம். இது தனித்தனி ஆட்கள் எடுக்கும் தனித்தனி முடிவு மாதிரி தெரியும், உண்மையில் ஒருவர் முடிவை அடுத்தவர் வயல் சுமக்கிறது.

2016-ல் மத்திய அரசு உத்தராகண்டில் காட்டுப்பன்றியைத் தீங்குயிரி என்று அறிவித்து, குறிப்பிட்ட காலத்துக்குச் சுட அனுமதித்தது. சுடுவதற்கு ஊரில் ஆள் வேண்டுமே என்பது என் சந்தேகம். தவிர, ஒரே ஈற்றில் நாலைந்து குட்டி போடும் பிராணி. புதர் அப்படியே இருக்கும்வரை அது திரும்பவும் பெருகிவிடும்.

அந்தப் புதர் என்ன என்று பார்க்க வேண்டும். இங்கே வயல்களில் பெரும்பாலும் மானாவாரிதான், நம்மூர் கேழ்வரகும் குதிரைவாலியும் அங்கேயும் முக்கியப் பயிர், கூடவே பயறு வகைகளைக் கலந்து ஒரே வயலில் விதைக்கும் பழக்கம் உண்டு. உழவு நின்ற முதல் ஓரிரு வருடம் புல் வரும், பார்த்தீனியம் வரும். அப்புறம் கீழ்ச்சரிவுகளில் உண்ணிச்செடி. நீலகிரி, முதுமலைப் பக்கம் போனவர்களுக்கு இதைப் பற்றி விளக்கவே வேண்டாம்; வெட்டினால் அடித்தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும், மாடு தின்னாது, ஆள் நுழைய முடியாத அடர்த்தி. பன்றிக்கு மட்டுமில்லை, சிறுத்தைக்கும் இது நல்ல மறைவிடம். வயல் இருந்தபோது காட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் பார்வைக்குத் தெரியும் வெட்டவெளி இருந்தது. இப்போது புதர் கொல்லைப்புறம் வரை வந்துவிட்டதால் சிறுத்தை நாயைப் பிடிக்க வாசலுக்கே வருகிறது. பள்ளிக்கூடம் ரெண்டு கிலோமீட்டர் என்றால், அந்த ரெண்டு கிலோமீட்டரும் பிள்ளையைத் தனியே அனுப்ப முடியாத பாதை. அடுத்த குடும்பம் கிளம்ப இதற்கு மேல் காரணம் வேண்டுமா?

வெயில் படும் சரிவுகளில் சீர் பைன் மரமும் இறங்கும். இறக்கை வைத்த விதை, காற்றில் பறந்து வெறும் மண்ணில் விழுந்தால் போதும். காடுதானே வளர்கிறது, நல்லதுதானே என்று தோன்றும். கரியமிலக் கணக்குக்கு நல்லது என்பதும் சரிதான். சிக்கல், கோடையில் உதிரும் அதன் ஊசியிலை. பிசின் ஊறிய அந்தச் சருகு மெத்தை மாதிரி சேர்ந்து கிடக்கும், பீடித்துண்டு போதும். முன்பு வயல்களே தீத்தடுப்பு இடைவெளியாக இருந்தன, மாட்டுக்குப் புல்லும் எருவுக்குச் சருகும் வாரிக்கொண்டு போக ஆள் இருந்தது. இரண்டும் போனபின் தீ ஊர் வரைக்கும் தடையில்லாமல் வருகிறது. தீயில் பைன் தன் தடித்த பட்டையால் தப்பும், அதே இடத்தில் மெதுவாக முளைக்கும் பாஞ்ச் ஓக் என்ற அகன்ற இலை மரத்தின் நாற்றுகள் கருகும். அதனால் ஒவ்வொரு தீக்குப் பிறகும் பைனின் பங்கு கூடும், அடுத்த தீக்கு எரிபொருளும் கூடும்.

மலை வயல் என்பது பாதி கட்டடம். சாந்து வைக்காமல் கல்லை அடுக்கிய சுவர், பின்னால் மண். சாந்து இல்லாததுதான் அதன் பலம், மழைத்தண்ணீர் கல் இடுக்கு வழியாகக் கசிந்து வெளியேறிவிடும். ஆனால் இடுக்குகளில் வண்டல் அடைக்கும், வேர் புகுந்து கல்லைத் தள்ளும், பன்றி கிளறும். பயிர் இருந்தபோது விழுந்த கல்லை அன்றைக்கே எடுத்து வைத்தார்கள். கவனிப்பு நின்றால் சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி அழுத்தம் ஏறும், சுவர் வயிறு தள்ளும், ஒரு கனமழையில் சரியும். சரிந்த இடைவெளிதான் இனி ஓடை. மொத்தச் சரிவின் தண்ணீரும் அங்கே திரண்டு கீழ் அடுக்கை அறுக்கும், அதற்குக் கீழே இருப்பதையும். நன்றாகப் பராமரிக்கப்படும் வயல் கீழே இருந்தாலும் அதற்குத் தப்பிக்க வழியில்லை.

இதற்கு மிகத் தெளிவான பாடம் இத்தாலியில் கிடைத்தது. சிங்குவே டெர்ரே கடற்கரை மலையில் திராட்சைக்காக அடுக்கிய கல்சுவர் வயல்கள். 1997 முதல் யுனெஸ்கோ பாரம்பரிய இடம். 2011 அக்டோபர் 25 அன்று கொட்டிய மழையில் வெர்னாட்சா, மொன்டெரோஸ்ஸோ ஊர்களை மண்ணும் கல்லும் மூடின. பிறகு சரிவுகளை ஆராய்ந்தபோது, கைவிட்டுக் கொஞ்ச காலமே ஆன அடுக்குகள்தான் மண்சரிவுக்கு மிக அதிகமாக இடம் கொடுத்தது தெரிந்தது. வெகுகாலம் முன்பே கைவிடப்பட்டு அடர்ந்த மரம் மூடிய இடங்கள் அந்த அளவுக்கு மோசமில்லை, வேர்கள் மண்ணைப் பிடித்துவிட்டன. அதாவது இயற்கை மீட்டுக்கொள்ளும் என்பது பொய்யில்லை, ஆனால் சுவர் பலம் இழந்து வேர் பலம் வருவதற்கு இடைப்பட்ட வருடங்கள்தான் ஆபத்து. உத்தராகண்டின் மண்ணும் மழையும் வேறு என்பதால் அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் இந்தியாவில் பெரும்பாலும் இந்த இடைக்காலம் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒன்று "விவசாயம் அழிகிறது" என்று புலம்பல், இல்லையென்றால் "காடு திரும்புகிறது" என்று கொண்டாட்டம்.

திரும்பி வந்து பயிர் செய்யலாமே என்றால், தனி ஆளால் ஆகாது. மேலே சொன்ன நூறு கட்டக் கணக்கு திரும்பி வருபவருக்கும் பொருந்தும். இன்னொரு முட்டுக்கட்டை பட்டா. ஒரே குடும்பத்தின் நிலம் சரிவில் பத்து இடத்தில் சின்னச் சின்னத் துண்டாகக் கிடக்கும், பல இடங்களில் பத்திரம் இன்னும் தாத்தா பெயரில் கூட்டாக இருக்கும், பங்காளிகள் டெல்லியிலும் டேராடூனிலும். எல்லோரும் கையெழுத்துப் போடாமல் குத்தகைக்குக்கூட விட முடியாது. துண்டுகளை ஒன்றாக்கித் தர 2016-ல் மலைப்பகுதிக்கென்று தனிச் சட்டமே வந்தது. சட்டம் வந்தாலும், யாருக்கு ஆற்றோரத்து நல்ல நிலம், யாருக்கு உச்சிப் பாறை என்பதை முடிவு செய்ய பங்காளிகள் ஒரே இடத்தில் உட்கார வேண்டும்.

இதையெல்லாம் பார்த்துத்தான் சில ஊர்களில் ஒவ்வொரு வயலுக்கும் வேலி போடுவதை விட்டுவிட்டு ஊரின் மொத்த வயலையும் சுற்றி ஒரே வேலி போடுகிறார்கள். இன்னொரு பக்கம், டேராடூன் அருகே சேலாகுயியில் உள்ள நறுமணத் தாவர மையம் தரிசு வயல்களில் எலுமிச்சைப்புல் நடச் சொல்லித்தருகிறது. பன்றியும் குரங்கும் அதைச் சீண்டுவதில்லை, மானாவாரியிலேயே வளரும், வேர் மண்ணைப் பிடிக்கும். சோற்றுக்கு ஆகும் பயிர் இல்லை என்பதால் எண்ணெய் காய்ச்சும் கலன் பக்கத்தில் இருக்க வேண்டும், அந்தக் கலனுக்குப் போதுமான புல் வர ஒரு வீடு நட்டால் பற்றாது, பத்துப் பதினைந்து வீடாவது சேர்ந்து நட வேண்டும்.