ஹெட்போனில் எந்தச் சத்தம் அடங்கும், எது அடங்காது?

காட்பாடியில் ரயிலேறி ஏ.சி. சேர் காரில் உட்கார்ந்து, இரைச்சல் நீக்கும் விலை கூடிய ஹெட்போனை மாட்டினால் ஏ.சி.யின் உறுமல் பெரும்பாலும் அடங்கிவிடும். அதே ஹெட்போனோடு ஆரணி பஸ்ஸில் திறந்த ஜன்னலோரம் உட்கார்ந்தால் 'இதற்கா இவ்வளவு பணம் கொடுத்தோம்' என்று தோன்றும். கருவி ஒன்றுதான், சத்தம்தான் வேறு. பெட்டியில் அச்சிட்டிருக்கும் டெசிபெல் எண்ணை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

ஒலி என்பது காற்றழுத்தம் ஏறி இறங்குவது. அழுத்தம் ஏறும் அதே கணத்தில் இன்னொரு ஒலிபெருக்கி அதே அளவு இறக்கத்தை உண்டாக்கினால் இரண்டும் கழிந்துபோகும். அப்படி உண்டாக்கும் தலைகீழ் ஒலிதான் எதிரலை. ஜெர்மானிய இயற்பியலாளர் பால் லூயெக் இந்த யோசனைக்கு 1936-லேயே அமெரிக்கக் காப்புரிமை வாங்கிவிட்டார். அன்றைய வால்வு மின்னணுவியலை வைத்துக்கொண்டு அதைக் காதுக்குள் கொண்டுவர வழியில்லை. 1978-இல் ஜூரிச்சிலிருந்து அமெரிக்கா திரும்பிய விமானத்தில் போஸ் ஒலிக்கருவி நிறுவனத்தைத் தொடங்கிய அமர் போஸ் இதற்கான கணக்கைப் போட்டார். அவருடைய நிறுவனம் விமானிகளுக்கான ஹெட்செட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1989-இல். இடைப்பட்ட பதினோரு ஆண்டுகளே இந்த வேலையின் கடினத்தைச் சொல்லும்.

கடினம் எல்லாம் நேரத்தில் இருக்கிறது. காதை மூடும் கப்பின் வெளிப்புறத்தில் உள்ள மைக் இரைச்சலை முதலில் பிடிக்கிறது. அங்கிருந்து உள்ளே இருக்கும் டிரைவர் (ஒலி எழுப்பும் சின்ன ஒலிபெருக்கி) வரை சுமார் 2 செ.மீ. 31 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்கு 350 மீட்டர் போகும். அந்த 2 செ.மீ.யைக் கடக்க அதற்கு 57 மைக்ரோ நொடி போதும். ஒரு நொடியைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் 57 பங்கு. அதற்குள் உள்ளிருக்கும் சில்லு (சிப்) அந்தச் சத்தத்தை எண்ணாக மாற்றி, வடிகட்டி, தலைகீழாக்கி, மறுபடி மின்னலையாக்கி டிரைவரை அசைத்துவிட வேண்டும். பாட்டுக்கு நொடிக்கு 48,000 மாதிரி எடுத்தால், அதாவது ஒலியை அத்தனை முறை அளந்து எண்ணாக்கினால், தாராளம். ஆனால் அந்த வேகத்தில் ஒரே ஒரு மாதிரிக்கு 21 மைக்ரோ நொடி போய்விடும், கூட வரும் வடிகட்டிகள் இன்னும் பல மாதிரிகளின் நேரத்தைத் தின்னும். அதனால் இரைச்சல் நீக்கும் சில்லுகள் நொடிக்கு லட்சக்கணக்கில் மாதிரி எடுக்கின்றன. விலை கூடிய ஹெட்போனில் நாம் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு இந்த வேகத்துக்குத்தான்.

கொஞ்சம் தாமதித்தால் என்ன ஆகும்? 100 ஹெர்ட்ஸ் உறுமல், அதாவது நொடிக்கு 100 முறை அதிர்வது, ஒரு சுற்று முடிக்க 10 மில்லி நொடி எடுக்கும். அதை 20 டெசிபெல் குறைக்க, அதாவது அழுத்தத்தைப் பத்தில் ஒன்றாக்க, எதிரலை 160 மைக்ரோ நொடி வரை பிசகலாம். 1,000 ஹெர்ட்ஸில் அதே குறைப்புக்கு 16 மைக்ரோ நொடிதான் இடம். 4,000 ஹெர்ட்ஸில் வெறும் 4. பிசகு ஒரு சுற்றின் ஆறில் ஒரு பங்கைத் தாண்டினால் இன்னும் மோசம்: கழிய வேண்டியது கூடிவிடும், சத்தம் முன்பைவிட அதிகமாகும். போதாததற்கு 4,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமே 9 செ.மீ.க்குள்தான். மைக் இருக்கும் இடத்தில் அடங்கிய சத்தம் மூன்று நான்கு செ.மீ. தள்ளியிருக்கும் செவிப்பறையில் அடங்கியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே ஏறத்தாழ 1,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதிரலையை வடிவமைப்பாளர்களே தணித்துவிடுகிறார்கள். அதற்கு மேல் காதைக் காப்பது கப்பும் அதன் விளிம்பில் உள்ள மெத்தையான இயர் பேடும் மட்டுமே.

உள்ளே இன்னொரு மைக், டிரைவருக்கு முன்னால், காதைப் பார்த்தபடி இருக்கும். எதிரலைக்குப் பிறகும் மிஞ்சியது எவ்வளவு என்று கேட்டுத் திருத்துவது அதன் வேலை. வெளி மைக் மட்டும் உள்ளவை மலிவானவை; தலைக்குத் தலை, காதுக்குக் காது வரும் வித்தியாசம் அவற்றுக்குத் தெரியாது. இரண்டும் சேர்ந்ததை 'ஹைபிரிட்' என்று போடுவார்கள். வாங்கினால் அதை வாங்குங்கள். உள் மைக்குக்கும் ஒரு குணம் உண்டு: டிரைவர் தருவதையே கேட்டுத் திருத்துவதால், கப்பை உள்ளங்கையால் அழுத்திப் பொத்தினால் சிலவற்றில் 'கீச்' என்று ஊளை கிளம்பும். லேசாக வந்தால் பழுது என்று பயப்பட வேண்டாம். தலையைச் சாய்க்கும்போதும், தலையணையில் படும்போதும் வந்துகொண்டே இருந்தால் அந்த மாடலை விட்டுவிடலாம்.

நம் ஊர்ச் சத்தத்துக்குக் கணக்கு

உங்களைச் சுற்றி இருக்கும் சத்தம் எத்தனை ஹெர்ட்ஸ் என்பதை மோட்டாரின் சுற்றைத் தெரிந்தால் நீங்களே போட்டுவிடலாம். ஆறு சிலிண்டர் டீசல் பஸ் நெடுஞ்சாலையில் நிமிடத்துக்கு 1,800 சுற்றில் ஓடுகிறது என்று வையுங்கள். நொடிக்கு 30 சுற்று. நான்கு வீச்சு (ஃபோர் ஸ்ட்ரோக்) எஞ்சினில் ஒரு சுற்றுக்கு மூன்று சிலிண்டர் வெடிக்கும். ஆக 90 ஹெர்ட்ஸ். கரண்ட் போனதும் மாடிப்படிக்குக் கீழே கிளம்பும் நான்கு சிலிண்டர் ஜெனரேட்டர் 1,500 சுற்றில் ஓடினால் 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் முனகல் 100 ஹெர்ட்ஸ், ஏனென்றால் நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், இரும்பு உள்ளகம் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை அதிர்கிறது. இவையெல்லாம் எதிரலைக்கு வாகான சத்தங்கள். விடுதி அறையில் ஜெனரேட்டர் ஓரத்தில் படிக்கிற வி.ஐ.டி. மாணவருக்கு இந்தப் பணம் வீண் போகாது.

இனி அடங்காதவை. ஏர் ஹாரனின் காது கிழிக்கும் பகுதி 1,000 ஹெர்ட்ஸுக்கு மேலே. மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பதும் 2,000 முதல் 4,000 வரைதான், எனவே அது உறைக்கவே செய்யும். பக்கத்து இருக்கைப் பேச்சிலும் இதே கதை. குரலின் அடிநாதமான 100 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை நன்றாகக் குறையும். ஆனால் ச, ட, த போன்ற மெய்யொலிகளை அடையாளம் காட்டும் உயர்ந்த அதிர்வுகள் இயர் பேடைத் தாண்டிக் கொஞ்சம் வந்துவிடும். அதனால் பேச்சு மெலிந்து, குழாய் வழியே வருவதுபோல் கேட்கும். என்ன பேசுகிறார்கள் என்பது மட்டும் புரிந்துகொண்டே இருக்கும். 'சுற்றிலும் அமைதியானதும் பக்கத்துக்காரர் பேச்சு தெளிவாகக் கேட்கிறதே' என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

ஜன்னலோரக் காற்று தனி ரகம். வெளி மைக்கின் துளையில் காற்று சுழன்று மோதும்போது அந்த இடத்தில் மட்டும் அழுத்தம் தாறுமாறாக ஏறி இறங்கும். செவிப்பறையில் இல்லாத சத்தத்துக்குச் சில்லு எதிரலை தயாரிக்கும். அதுவே புதுச் சத்தமாகக் காதில் 'பட பட' என்று அடிக்கும். நல்ல மாடல்களில் காற்றை உணர்ந்து வெளி மைக்கைத் தணிக்கும் வசதி உண்டு. இல்லாவிட்டால் ஜன்னல் இருக்கையில் இரைச்சல் நீக்கத்தை அணைத்துவிடுவதே மேல். வண்டி ஓட்டும்போது ஹெட்போனே வேண்டாம், அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

விசைத்தறிக்கூடம், கல் உடைக்கும் இடம், வெல்டிங் பட்டறை போன்ற இடங்களில் காதுக் காப்பாக இதை நம்பக் கூடாது. தறியின் மோதல் ஒலி கூர்மையானது, உயர்ந்த அதிர்வுகள் நிறைந்தது. அதற்குத் தரச்சான்று பெற்ற இயர் மஃப் வேறு இருக்கிறது, விலையும் இதில் ஒரு துளிதான்.

பெட்டியில் உள்ள எண்கள்

'50 டெசிபெல் ஏ.என்.சி.' (எதிரலையால் இரைச்சலை நீக்குவதன் சுருக்கப் பெயர்) என்பது பெரும்பாலும் ஏதோ ஒரு அதிர்வெண்ணில் கிடைத்த உச்சம். மற்ற இடங்களில் எவ்வளவு என்று பெட்டி சொல்லாது. எண்ணைவிடப் பெரிய குழப்பம் 'ஈ.என்.சி.'. அது நீங்கள் போனில் பேசும்போது உங்கள் பின்னணிச் சத்தத்தை எதிர்முனையில் இருப்பவருக்குக் குறைத்துக் கொடுப்பது. உங்கள் காதுக்கு அதனால் ஒரு பயனும் கிடையாது. மலிவுப் பெட்டிகளில் 'நாய்ஸ் கேன்சலிங்' என்று பெரிதாகவும் ஈ.என்.சி. என்று பொடி எழுத்திலும் போட்டிருப்பதைப் பார்க்கலாம்.

கோடெக், அதாவது ப்ளூடூத்தில் பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறை, விஷயத்தில் போனைப் பார்த்து முடிவெடுங்கள். நொடிக்கு 990 கிலோபிட் வரை போகும் எல்டாக் பல ஆண்ட்ராய்டு போன்களில் உண்டு, ஐபோன் எஸ்.பி.சி., ஏ.ஏ.சி. இரண்டை மட்டுமே பேசும். ஐபோன்காரர் எல்டாக்குக்காகக் கூடுதல் பணம் தருவதில் அர்த்தமில்லை.

எடை பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, மூன்று மணி நேரப் பயணத்தில் கழுத்து பேசும். சோனி எக்ஸ்.எம்.5 சுமார் 250 கிராம், ஒரு சார்ஜுக்கு இரைச்சல் நீக்கத்தோடு 30 மணி நேரம். சென்ஹைசர் மொமென்டம் 4 சுமார் 293 கிராம், 60 மணி நேரம். அலுமினியக் கப் வைத்த ஆப்பிள் ஏர்பாட்ஸ் மேக்ஸ் 385 கிராம், 20 மணி நேரம். இவை நிறுவனங்கள் தரும் எண்கள், ஒப்பிடுவதற்குப் போதும். இன்னொன்று: எக்ஸ்.எம்.5 தட்டையாகத் திரும்புமே தவிர உள்பக்கம் மடியாது, அதன் பெட்டி பையில் அதிக இடம் பிடிக்கும். முந்தைய எக்ஸ்.எம்.4 மடியும், அடுத்து வந்த எக்ஸ்.எம்.6-ம் மடியும்.

இயர் பேட்தான் பாதி ஹெட்போன்

கேஸ்கெட் தேய்ந்த குக்கர் எவ்வளவு நேரம் வைத்தாலும் விசில் அடிக்காதது போல, காதைச் சுற்றி இடுக்கு விழுந்த ஹெட்போனில் எந்தச் சில்லும் பிரயோசனப்படாது. தாழ்ந்த அதிர்வுகள் சிறு இடுக்கு வழியாகவும் தாராளமாக உள்ளே வரும். டிரைவர் தரும் தாழ்ந்த எதிரலையும் அதே இடுக்கு வழியாக வெளியே போய்விடும். மூக்குக் கண்ணாடியின் காது ஓரக் கம்பி இந்த இடுக்கை உண்டாக்குவதில் முதலிடம். கம்பி மெல்லியதாகவும் பேட் தடிமனாகவும் மென்மையாகவும் இருந்தால் இழப்பு குறையும், முழுதும் போகாது. பெரிய கம்மல், காதோரம் தடித்துப் பின்னிய சடை, தலைமேல் இழுத்த முக்காட்டின் மடிப்பு எல்லாம் இதே வேலையைச் செய்யும்.

கடையில் சோதிக்கும் முறை இது. உங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே மாட்டுங்கள். பாட்டு வேண்டாம். இரைச்சல் நீக்கத்தைப் போட்டுவிட்டுக் கடையின் ஏ.சி., ஃபேன் உறுமலைக் கவனியுங்கள். பிறகு இரண்டு கப்பையும் விரலால் லேசாக உள்ளே அழுத்துங்கள். உறுமல் இன்னும் குறைந்தால் அந்தப் பிடிமானம் உங்கள் தலைக்குப் போதவில்லை என்று பொருள். வேறு அளவு, வேறு மாடல் பாருங்கள். அடுத்து டேபிள் ஃபேனுக்கு முன்னால் நின்று காற்றுச் சத்தம் எப்படி வருகிறது என்று பாருங்கள். கடைசியாகக் கடை வாசலுக்கு வந்து, பஸ் போகும் சாலையோரம் நின்று கேளுங்கள். போனின் ஒலிபெருக்கியில் 'விமான இரைச்சல்' வீடியோவை ஓடவிட்டுச் சோதிப்பது பயனற்றது: நாம் அடக்க விரும்பும் 100 ஹெர்ட்ஸ் சத்தத்தை அந்தச் சின்ன ஒலிபெருக்கியால் எழுப்பவே முடியாது.

முதல் முறை மாட்டும் சிலருக்குக் காது அடைத்தது போலவும், மலை ஏறும்போது வருகிற மாதிரியும் இருக்கும். காற்றழுத்தம் உண்மையில் கூடுவதில்லை. தாழ்ந்த சத்தம் மட்டும் திடீரென்று காணாமல் போவதை மூளை அப்படிப் படித்துக்கொள்கிறது என்பதே பொதுவான விளக்கம். பத்து நிமிடத்தில் சரியாகாவிட்டால், இரைச்சல் நீக்கத்தின் அளவைக் குறைக்க வசதியுள்ள மாடலைத் தேர்ந்தெடுங்கள்.

ஆம்பூர், இராணிப்பேட்டை, வாணியம்பாடிக்காரர்களுக்குத் தோலுக்கும் ரெக்சினுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. விலை கூடிய ஹெட்போனிலும் பேட் பெரும்பாலும் பாலியூரிதேன் பூச்சு ஏற்றிய துணிதான். 'புரோட்டீன் லெதர்' என்று பெயர் வைத்தாலும் கதை மாறாது. வெப்பமும் ஈரமும் சேர்ந்து அந்தப் பூச்சின் வேதிப் பிணைப்பை உடைக்கும், அது செதில் செதிலாக உரிந்து கன்னத்தில் கறுப்பாக ஒட்டும். உபயோகிக்காமல் பெட்டியிலேயே வைத்திருந்தாலும் நடக்கும். அக்கினி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிற வேலூரில் இது சீக்கிரம் நடப்பதில் வியப்பில்லை. எனவே வாங்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி: இந்த மாடலுக்கு மாற்றுப் பேட் கிடைக்குமா, நாமே கழற்றி மாட்டலாமா? 'இல்லை' என்றால் இரண்டு மூன்று ஆண்டுப் பொருள் என்று கணக்கு வையுங்கள். துணி பேட் வேர்க்காது, ஆனால் அதன் இழைகளுக்கு நடுவே சத்தமும் போகும்.

பேட் உரியும் முன்பே உள்ளிருக்கும் ஃபோம் அமுங்கிவிடுவதும் உண்டு. பாட்டில் அடித்தாளம் குறைந்து, கூடவே இரைச்சலும் உள்ளே வர ஆரம்பித்தால் பேட்டைச் சந்தேகியுங்கள். பாட்டு நன்றாகக் கேட்டு, ஒரு பக்கம் மட்டும் இரைச்சல் அடங்கவில்லை என்றால் அந்தப் பக்கத்து வெளி மைக் துளை தூசியால் அடைத்திருக்கலாம். துளை தரையைப் பார்க்கும்படி பிடித்து, உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஊசி, ப்ளோயர் இரண்டும் மைக்கின் சவ்வைக் கிழித்துவிடும். பேட்டைத் துடைக்க ஸ்பிரிட் வேண்டாம், அது பூச்சை வறட்டும். தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணி போதும்.

பேட்டரி லித்தியம் அயான். வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டில் விட்டுப்போனால் அதன் ஆயுள் மளமளவென்று குறையும். 45 டிகிரிக்கு மேல் பெரும்பாலான சார்ஜிங் சுற்றுகள் சார்ஜ் ஏற்ற மறுக்கும், அது பழுதல்ல. நிழலில் ஆறவிட்டுப் பிறகு போடுங்கள். மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் பாதி சார்ஜோடு அணைத்து வையுங்கள். சில மாடல்கள் சார்ஜில் இருக்கும்போது பாடாது, சிலவற்றில் ஒயர் போட்டால் இரைச்சல் நீக்கம் நின்றுவிடும். இரண்டையும் கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம். பில்லில் சீரியல் எண் எழுதி வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்த பொருள் சில ஆயிரம் குறைவாகக் கிடைக்கும், ஆனால் பல நிறுவனங்கள் அதற்கு இங்கே வாரண்டி தருவதில்லை.