‘செல்ஃப் பப்ளிஷிங்’: பதிப்பா, வெளியீடா?

எழுதியவரே தன் செலவில் தன் புத்தகத்தைக் கொண்டுவருவதை ஆங்கிலத்தில் ‘செல்ஃப் பப்ளிஷிங்’ என்கிறார்கள். அமேசான் 2007இல் கிண்டில் என்ற மின்னூல் கருவியைக் கொண்டுவந்தபோதே, எழுதுபவர்கள் தாங்களே நூலின் கோப்பை இணையத்தில் ஏற்றி விற்கும் வசதியையும் சேர்த்துக் கொடுத்தது. அதன் பிறகு இந்தச் சொல் எங்கும் அடிபடுகிறது. தமிழில் சுயபதிப்பு, தற்பதிப்பு, சுயவெளியீடு என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம்.

‘பப்ளிஷ்’ இலத்தீன் வழி வந்த சொல். ‘பப்ளிக்’ என்பதற்கும் அதே வேர்தான். ஊரறியச் செய்வது என்பதே அதன் மூலப்பொருள். அச்சுக்கும் அதற்கும் தொடர்பில்லை. நம்முடைய ‘வெளியிடு’ அதற்கு நன்றாகவே பொருந்துகிறது.

‘பதிப்பு’ வேறு கதை. ஈரமணலில் கால் பதிகிறது. மோதிரத்தில் கல்லைப் பதிக்கிறோம். பதிதலிலிருந்து பதிவு, பதித்தலிலிருந்து பதிப்பு. தாளில் எழுத்தைப் பதித்ததால் அச்சு வேலைக்கு இந்தப் பெயர் வந்தது. அப்புறம் பொருள் ஆழமாகியது. சி. வை. தாமோதரம்பிள்ளை 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றியது வெறும் அச்சு வேலையா? செல்லரித்த ஏடுகளைத் தேடியெடுத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எது சரியான பாடம் (மூல வாசகம்) என்று முடிவு செய்த உழைப்பு அது. அவரைப் பதிப்பாசிரியர் என்கிறோம். செப்பம் பார்க்கும் இன்னொரு கண் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் எழுத்தாளர் தானே செலவழித்துப் புத்தகம் போடுவது இணையத்துக்கு முந்திய வழக்கம். அப்படி வந்த ஒரு கவிதைத் தொகுப்பைத் திருப்பிப் பாருங்கள்: ‘முதற்பதிப்பு’, ‘வெளியீடு: ஆசிரியர்’, கீழே அச்சகத்தின் பெயர், விலை. 300 அல்லது 500 பிரதி அடித்து, வெளியீட்டு விழா வைத்து, முதற்பிரதியை ஊர்ப் பெரியவர் ஒருவர் கையில் கொடுத்து, மிச்சத்தை வீட்டு அலுமாரியில் அடுக்கி வைப்பார்கள். இணையம் வந்ததும் அந்த அலுமாரி தேவையில்லாமல் போயிற்று. கல்முனையில் எழுதியதைக் கனடாவில் இருப்பவர் அன்றைக்கே படிக்கிறார். 2005இல் தொடங்கிய, நூல்களை மின்வடிவில் திரட்டும் ‘நூலகம்’ திட்டத்தால், கடையில் கிடைக்காத பழைய ஈழத்து நூல்களும் கைப்பேசிக்கே வந்துவிட்டன. இதை நான் மனதார வரவேற்கிறேன்.

ஆனால் முன்பு ஒரு படி இருந்தது: அரங்கேற்றம். நூலை அவையில் வைத்து, அறிஞர் கேட்கும் கேள்விக்கு விடை சொல்லி, பிறகுதான் ஊருக்குக் கொடுப்பது. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளின் இசை ஆய்வான ‘யாழ் நூல்’ 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அப்படித்தான் அரங்கேறியது. அச்சுக் காலத்தில் அந்த இடத்தில் மெய்ப்புப் பார்ப்பவரும் பத்திரிகை மதிப்புரையும் இருந்தார்கள். இப்போது வெளியீடு முதலில் நடக்கிறது, படிப்பது பிறகு. முகநூலில் அட்டைப்படத்தைப் போட்டதும் வாழ்த்து குவிகிறது. அந்த வாழ்த்தையே மதிப்புரை என்று பின்னட்டையில் போடுகிறார்கள். வாழ்த்து வேறு, மதிப்புரை வேறு. செய்தித் தளங்களிலும் இதே நிலைதான்: காலையில் ஏற்றிய செய்தி மாலைக்குள் மாறியிருக்கும், எது மாறியது என்று ஒரு வரி இருக்காது.

எனவே செல்ஃப் பப்ளிஷிங்குக்குச் ‘சொந்த வெளியீடு’ என்பதே என் தெரிவு. ‘சுயபதிப்பு’ என்றால் தன் எழுத்தைத் தானே செப்பம் பார்த்ததாகப் பொருள் வந்துவிடும். அது மிகச் சிலருக்கே கைகூடும். முகநூலில் இடுவதைப் பதிவு என்றே சொல்லலாம், அது ஏற்கெனவே வழக்கில் நிலைத்துவிட்டது. மின்னூலின் முதற்பக்கத்தில் ‘வெளியீடு’ என்று உங்கள் பெயரைப் போடுங்கள். ‘பதிப்பாசிரியர்’ என்ற இடத்தில், வரிவரியாகப் படித்துத் திருத்தித் தந்தவரின் பெயரைப் போடுங்கள். அப்படி ஒருவர் இன்னும் இல்லையென்றால், ஏற்றுவதற்கு முன் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள்.