ஐந்து மாடிக்கும் ஒரே சட்டையா?

"சார், எலிவேஷன் மட்டும் சென்னையில இருக்கிற மாதிரி வந்துடணும்." தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் என்னிடம் கட்டடம் கட்ட வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த எலிவேஷனிலிருந்துதான், அதாவது கட்டடத்தின் வெளி முகப்பிலிருந்துதான், ஆரம்பிப்பார்கள். செல்போனில் ஒரு படமும் தயாராக இருக்கும்: துபாய்ப் பக்கம் எங்கோ நிற்கும், தலை முதல் கால் வரை நீலக் கண்ணாடி போர்த்திய கோபுரம். மனையோ நாற்பதடி அகலம். கீழே ஜவுளிக்கடை, அதற்கு மேல் ஸ்கேன் சென்டர், அப்புறம் இரண்டு மாடி அலுவலகம், உச்சியில் முதலாளி வீடு.

தமிழ்நாட்டு விதிகளின்படி 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் அது உயர்மாடிக் கட்டடம். எங்கள் ஊர்க் கட்டடங்கள் பெரும்பாலும் அந்தக் கோட்டுக்குக் கீழேயே நின்றுவிடும். ஆனாலும் நாற்பது மாடியில் செய்யும் தவறை நாம் ஐந்து மாடியிலேயே செய்துவிடுகிறோம். ஒவ்வொரு மாடியிலும் ஆள் புழங்கும் நேரம் வேறு; நாம் வெளியே போர்த்தும் முகப்பு என்ற சட்டை மட்டும் ஒன்றே.

நானும் செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், மேற்குப் பார்த்த மனை ஒன்று. அலுவலக மாடிகளுக்கு முழுக் கண்ணாடி கொடுத்தேன். வீட்டு மாடிக்குக் கண்ணாடி வேண்டாம் என்று ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் எழுப்பினேன். புத்திசாலித்தனம் என்று நினைப்பு. சித்திரை மாதம் போன் வந்தது: "பகல்ல பரவாயில்லை சார். ராத்திரி பத்து மணிக்குப் படுக்கையறைச் சுவத்துல கை வைக்க முடியலை."

காரணம் எளிது. மேற்குச் சுவரில் மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை ஏறுகிற சூடு, அந்தக் கனச் செங்கலைக் கடந்து உள்பக்கம் வர ஆறேழு மணி நேரம் எடுக்கும். சரியாகப் பாய் விரிக்கிற நேரத்துக்கு வந்து சேரும். அதே சுவர் அலுவலக மாடியில் இருந்திருந்தால் அந்தச் சூடு இரவு பத்து மணிக்கு ஆளில்லாத அறைக்கு வந்து வீணாகப் போயிருக்கும்! நான் தலைகீழாக வைத்துவிட்டேன். கண்ணாடி அலுவலகத்திலோ நாலு மணிக்கெல்லாம் திரைகளை இறக்கிவிட்டு டியூப்லைட் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மேற்குப் பார்த்த சாதாரணக் கண்ணாடி 100 சதுர அடி இருந்தால், வெயில் உச்சத்தில் அதன் வழியாக வரும் சூட்டைத் தள்ளவே ஒரு டன் ஏசி போதாது. ஆட்களுக்கும் கம்ப்யூட்டர்களுக்கும் வேண்டியது தனிக்கணக்கு.

தஞ்சாவூர் ஏறக்குறைய 10.8 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. மார்கழி உச்சிவெயில்கூடத் தெற்கிலிருந்து 55 பாகை உயரத்தில்தான் வரும். இரண்டடி சன்ஷேட் இருந்தால் கிட்டத்தட்ட மூன்றடி ஜன்னல் நிழலில் இருக்கும். தெற்கு அவ்வளவு சுலபம். வடக்கில் வெயிலே வராது என்று பலர் நினைப்பது சரியல்ல. சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. ஆனால் சிறு சன்ஷேடே அதற்குப் போதும். மேற்குதான் எதற்கும் அடங்காது. சாயங்காலம் நாலேகால் மணிக்குச் சூரியன் 30 பாகைக்கு இறங்கிவிடும். அதே இரண்டடி சன்ஷேட் ஓரடி நிழல்தான் தரும். அங்கே குடை பிடித்துப் பயனில்லை, தட்டி கட்ட வேண்டும். நம் வீடுகளில் திண்ணைக்கு மேற்கே மூங்கில் தட்டி தொங்கியது அதனால்தான்.

இன்று நான் கட்டுவது அந்தத் தட்டியின் நிரந்தர வடிவம். சுவருக்கு இரண்டரை அடி தள்ளி, பாதிக்கு மேல் திறப்புள்ள சுடுமண் ஜாலி, அதாவது துளைகள் வைத்த தடுப்பு. இங்கே டெல்டாவில் ஒரு வசதியும் உண்டு: ஆடிக் காற்று மேற்கிலிருந்துதான் வருகிறது. கண்ணாடி வெயிலை உள்ளே விட்டுக் காற்றை நிறுத்துகிறது, ஜாலி நேர்மாறு. இடைவெளியில் ஏசி அவுட்டோர் யூனிட், துணிக்கொடி, சுத்தம் செய்ய நடக்கும் பலகை எல்லாம் அடங்கிவிடும். புறாவும் அடங்கும் என்பதை இரண்டாவது கட்டடத்தில்தான் கற்றேன்; இப்போது வலை இல்லாமல் ஜாலி போடுவதில்லை. கிழக்கில் இதையே செய்யாதீர்கள். ஐப்பசி மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். அங்கே ஆழமான சன்ஷேடும் திறந்து மூடும் ஜன்னலும்தான் வேலைக்கு ஆகும். பழைய கோயில்களில் சுவருக்கு மேல் வளைந்து நீளும் கபோதத்தைப் பாருங்கள். நிழலும் தருகிறது, மழைநீரைச் சுவரில் படாமல் தள்ளியும் விடுகிறது.

அடுத்து, முகப்பில் போர்த்தும் ஏசிபி ஷீட், அதாவது அலுமினியக் கலவைப் பலகை பற்றி. மலிவான ஷீட்டின் இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே இருப்பது பாலிஎதிலீன், அதாவது எரியும் பிளாஸ்டிக். 2017 ஜூனில் லண்டனின் 24 மாடி கிரென்ஃபெல் குடியிருப்பில் தீ வெளிச்சுவர் வழியாகவே ஏறியது. 72 பேர் இறந்தார்கள். கீழே துணிக்கிடங்கு, மேலே தூங்கும் குடும்பம் என்கிற கட்டடத்துக்கு இதைப் போர்த்த நான் கையெழுத்துப் போடுவதில்லை. எரியாத கனிம நடுப்பகுதி உள்ள ஷீட் கிடைக்கிறது, விலை கூடுதல். அலுமினியமும் சும்மா வருவதில்லை. ஒரு கிலோவை உருக்கிப் பிரிக்க 14 யூனிட் மின்சாரம் அளவுக்கு ஆகும். முழுக் கண்ணாடிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் வந்துபோன பிறகு பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. திறக்கவே முடியாத கண்ணாடிக்குள் அந்த நாட்களில் யார் இருக்க முடியும்?

எதிர்வீட்டுக்காரரையும் யோசிக்க வேண்டும். 2013இல் லண்டனில் குழிவான கண்ணாடி முகப்புள்ள ஒரு கோபுரம் வெயிலைக் குவித்துத் தெருவில் நின்ற காரின் பாகங்களை உருக்கியது. பிறகு அதற்கும் சன்ஷேட்தான் மாட்டினார்கள்.

இப்போது கையில் இருக்கும் கட்டடமும் மேற்குப் பார்த்ததுதான். முதலாளியைச் சாயங்காலம் நாலு மணிக்கு மனைக்கு வரச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் அவரே எதிர்ப் பூக்கடைப் பந்தலுக்குள் போய் நின்றுகொண்டார். ஜாலிக்குச் சம்மதித்துவிட்டார். கடைப் பெயர்ப்பலகையை அதன் மேல் எங்கே மாட்டுவது என்பதில் மட்டும் இன்னும் பேச்சு முடியவில்லை.