12 பெர்சென்ட் தான் சார்!

நுகர்வோர் கேஸ் நிறைய பாக்குற வக்கீல் நான். கடன் பிரச்சனைன்னு வர்றவங்ககிட்ட வட்டி எவ்வளவுன்னு கேட்டா பாதிப்பேர் இஎம்ஐ எவ்வளவுன்னு தான் சொல்றாங்க.

போன மாசம் வந்தவர் கொஞ்சம் பரவால்ல, "12 பெர்சென்ட் தான் சார், ஒரு லட்சம், ஒரு வருஷம், மாசம் 9,333"ன்னு கடகடன்னு ஒப்பிச்சார். ஃப்ளாட்டா ரெட்யூசிங்கான்னு கேட்டேன், முழிச்சார். கையில எவ்வளவு வந்துச்சு? 97,000. மீதி 3,000 ப்ராசஸிங் ஃபீஸ்னு பிடிச்சுட்டாங்களாம்.

ஃப்ளாட்ல என்ன நடக்குதுன்னா, நீங்க மாசாமாசம் அசலை குறைச்சுக்கிட்டே வர்றீங்க, ஆறாவது மாசம் கிட்டத்தட்ட பாதி அசல் போயிருக்கும், ஆனா வட்டி மட்டும் முதல் நாள் வாங்குன ஒரு லட்சத்துக்கே ஓடிட்டு இருக்கும். மீதி இருக்குற அசலுக்கு மட்டும் கணக்கு போட்டா (அதான் ரெட்யூசிங்) அந்த 12, வருஷத்துக்கு 21 சொச்சம் வருது. அந்த 3,000த்தையும் சேர்த்தா 27 தாண்டுது! கால்குலேட்டர்ல போட்டு காட்டுனதும் மனுஷன் ரெண்டு நிமிஷம் பேசவே இல்ல.

ஃபீஸையும் சேர்த்த இந்த உண்மையான வருஷ ரேட்டுக்குப் பேர் தான் ஏபிஆர் (Annual Percentage Rate). அமெரிக்காவுல 1968லயே இதை சொல்லியே ஆகணும்னு சட்டம் போட்டாங்க. நம்ம ரிசர்வ் பேங்க், தனிநபர் கடன் எல்லாத்துக்கும் 1.10.2024ல இருந்து கேஎஃப்எஸ்னு (Key Facts Statement, கடனோட முக்கிய விவரம் இருக்குற) ஒரு தாளை கட்டாயமாக்கிருக்கு. ஏபிஆர், எல்லா ஃபீஸும் அதுல இருக்கணும், அதுல இல்லாத சார்ஜை உங்க தெளிவான சம்மதம் இல்லாம பிடிக்கக் கூடாது. கடன் காலம் 7 நாளோ அதுக்கு மேலயோன்னா, தாளை குடுத்துட்டு யோசிக்க குறைஞ்சது 3 வேலை நாள் டைம் தரணும். "இன்னைக்கே சைன் பண்ணா தான் சார் ஆஃபர்"ங்கிறதெல்லாம் சும்மா அவசரப்படுத்துறது. பேங்க், என்பிஎஃப்சி (பேங்க் இல்லாத ஃபைனான்ஸ் கம்பெனி) ரெண்டுக்கும் இது பொருந்தும், கந்துவட்டிக்காரர்கிட்ட போய் கேஎஃப்எஸ் கேக்காதீங்க, அது வேற கதை.

லேட்டா கட்டுனா அபராதம் உண்டு தான், ஆனா அதை அசல்ல சேர்த்து அதுக்கும் வட்டி போடக்கூடாது. வசூல் ஆளுங்க காலைல 8 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 7க்கு அப்புறமும் போன் பண்ணக்கூடாது. பண்ணா போன்ல கால் வந்த லிஸ்ட்டை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க, சண்டை போட்டு பிரயோஜனம் இல்ல.

நம்ம ஆள்கிட்ட அக்ரிமென்ட் நகல் கூட இல்ல, ஓடிபி குடுத்தாராம், அவ்வளவு தான் ஞாபகம். கேஎஃப்எஸ், அக்ரிமென்ட், ஸ்டேட்மென்ட் மூணும் கேட்டு, 3,000க்கு கணக்கும் கேட்டு கம்பெனிக்கு மெயில் போட்டாச்சு. 30 நாள்ல ஒழுங்கான பதில் வரலன்னா ரிசர்வ் பேங்க் ஆம்பட்ஸ்மேன்கிட்ட (புகார் விசாரிக்கிற அதிகாரி) போலாம், அதுக்கு காசு கிடையாது, வக்கீலும் தேவையில்ல (எனக்கு தான் நஷ்டம்). இன்னைக்கு 11வது நாள்.