சூட்டோடு அளந்த ஷாஃப்ட்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் டூல் ரூம் (அச்சும் கருவியும் செய்யும் பட்டறை) வேலைக்கு வந்து எனக்கு இருபது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. பத்தாம் வகுப்பு முடிவுகள் வந்ததும் விசாரிக்க வரும் பெற்றோர் பலர் கேட்பது ஒன்றுதான்: "பையனை மூன்று மாத சிஎன்சி கோர்ஸில் சேர்க்கலாமா சார்? முடித்ததும் வேலை என்கிறார்களே."

வேலை கிடைக்கும், பொய்யில்லை. கணினி ஓட்டும் அந்த சிஎன்சி வெட்டு மெஷினில் பொருளை மாட்டி, பொத்தானை அழுத்தி, முடிந்ததும் கழற்றி வைக்கும் வேலை. மெஷினிஸ்ட் என்பவர் வேறு. வரைபடத்தைப் பார்த்து எதை முதலில் வெட்டுவது, எப்படிப் பிடிப்பது, என்ன வேகம் என்று முடிவெடுப்பவர் அவர். அளவு தப்பினால் ஏன் தப்பியது என்று சொல்லவும் தெரிந்திருக்கும்.

சென்ற வருடம் அப்படியொரு கோர்ஸ் முடித்த தம்பி எங்களிடம் சேர்ந்தான். பேரிங் உட்காரும் ஷாஃப்ட், அதாவது சுழலும் எஃகுத் தண்டு, 50 மில்லிமீட்டர் விட்டம். அதற்கு மேல் துளியும் போகக்கூடாது, கீழே 0.016 மில்லிமீட்டர் வரை குறையலாம். கடைசி வெட்டு முடிந்த கையோடு, நுண்ணிய அளவு பார்க்கும் மைக்ரோமீட்டரை வைத்தான். 50.00. முகமெல்லாம் சிரிப்பு. அதேபோல் பன்னிரண்டை வெட்டி அடுக்கினான். மாலையில் தரச்சோதனை அறையில் பன்னிரண்டும் 49.98, குறையலாம் என்ற அளவுக்கும் கீழே.

"நான் அளந்தபோது சரியாக இருந்ததே அண்ணா" என்றான். சரியாகத்தான் இருந்தது, சூட்டில். ஒரு மீட்டர் எஃகு ஒரு டிகிரி சூட்டுக்குச் சுமார் 11, 12 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) விரியும். 50 மில்லிமீட்டர் ஷாஃப்ட் 35 டிகிரி கூடுதலாகச் சூடேறியிருந்தால் 20 மைக்ரான் பருத்துக் காட்டும்; ஆறினால் இளைத்துவிடும். பன்னிரண்டும் பழைய இரும்புக்குப் போயின. திட்ட மனம் வரவில்லை. கோர்ஸில் அவன் மைக்ரோமீட்டரைத் தொட்டதே நான்கு நாள்தானாம். முதல் ஷாஃப்டை ஆறவைத்து நான் பார்த்திருக்க வேண்டும். அது என் தப்பு.

பத்தாம் வகுப்பு தேறியவர்கள் ஐடிஐயில் மெஷினிஸ்ட் அல்லது டர்னர் பிரிவில் சேரலாம். இரண்டும் இரண்டு வருடப் படிப்பு. கிண்டியிலும் அம்பத்தூரிலும் அரசு ஐடிஐ இருக்கிறது. தொடக்கத்தில் அரத்தைக் கொடுத்து இரும்பை ராவச் சொல்வார்கள். தோள் வலிக்கும், பையன் வீட்டுக்கு வந்து புலம்புவான். புலம்பட்டும். எந்த உலோகம் எப்படி வெட்டுப்படும் என்பதைக் கை அங்கேதான் கற்றுக்கொள்கிறது. முடித்தபின் ஒரு தொழிற்சாலையில் அப்ரண்டிஸாக இருந்துவிட்டு வந்தால் இன்னும் நல்லது. மேலே படிக்க ஆசை வந்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரவும் வழியுண்டு.

கையுறை பற்றி ஒரு வார்த்தை. கை பத்திரமாக இருக்கட்டும் என்று அம்மாக்கள் வாங்கிக் கொடுத்தனுப்புகிறார்கள். சுழலும் மெஷினருகே அதுதான் எமன். ஒரு நூல் சிக்கினால் போதும், கையையே உள்ளே இழுத்துவிடும். மோதிரமும் முழுக்கைச் சட்டையும் அப்படித்தான். கோயிலில் கட்டிய கயிறானாலும் கழற்றிவிட்டுத்தான் லேத்தை, அதாவது கடைசல் மெஷினைத் தொட வேண்டும். இதற்காக என்னிடம் கோபித்துக்கொண்ட பாட்டிகள் உண்டு. லேத்தில் பொருளைப் பிடிக்கும் 'சக்' என்ற பிடியை இறுக்கிய சாவியை அதிலேயே விட்டுவிட்டு மெஷினை ஓட்டுவது இன்னொரு வினை. சாவி பறந்து வந்து முகத்தில் அடிக்கும்.

எந்தப் பயிற்சி நிலையமானாலும் பணம் கட்டுமுன் நேரில் போய்ப் பாருங்கள். வரவேற்பறையில் உட்காரவைத்து வீடியோ காட்டினால் போதாது, பட்டறைக்கு அழைத்துப்போகச் சொல்லுங்கள். ஒரு மெஷினுக்கு எத்தனை பையன்கள் என்று எண்ணுங்கள். பிறகு குனிந்து லேத்தின் அடித்தட்டைப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு வெட்டி விழுந்த புது இரும்புச் சுருள் கிடந்தால் அங்கே வேலை நடக்கிறது. கொலுப்பொம்மை மாதிரி துடைத்து வைத்திருந்தால், கொடுத்த டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.