நலிந்த கினிப்பன்றிக் குட்டிக்கு முதலில் சூடு, அப்புறம்தான் பால்

தென்னாப்பிரிக்காவின் லெனேசியாவிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்கிலும் ஜூலை குளிர்காலம், இரவுகள் கடுமையானவை. அப்படியோர் இரவில் வீட்டுக் கினிப்பன்றி குட்டி போட்டுவிடுகிறது. காலையில் கூண்டைத் திறந்தால் மூன்று குட்டிகள் தாயோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன, நான்காவது ஒரு மூலையில் சில்லிட்டுக் கிடக்கிறது. உடனே அடுப்பில் பால் ஏறும். "கொஞ்சம் பாலை வாயில விடுடா" என்பார் ஆயா. பேரன் சிரிஞ்சைத் தேடி ஓடுவான். பாசத்தில் செய்வதுதான். ஆனால் குளிர்ந்துபோன குட்டிக்கு அந்த நேரத்தில் புகட்டும் பால் அதைக் கொன்றுவிடக்கூடும். ஏன் என்று புரிய, அது எப்படிப்பட்ட குட்டி என்று முதலில் பார்க்க வேண்டும்.

எலி சினையான மூன்று வாரத்தில் குட்டி போடுகிறது. அந்தக் குட்டிக்குக் கண் திறந்திருக்காது, உடம்பில் முடி இருக்காது. கினிப்பன்றியோ 59 முதல் 72 நாள் வரை சுமக்கிறது. அதனால் அதன் குட்டி முழு ரோமத்தோடும், திறந்த கண்களோடும், முளைத்த பற்களோடும் வெளியே வருகிறது. சில மணி நேரத்தில் நடக்கும், ஓரிரு நாளில் புல்லைக் கடித்துப் பார்க்கும். எடை பொதுவாக 70 முதல் 100 கிராம். இன்னொன்றும் உண்டு. கன்றுக்குட்டிக்கு நோய் எதிர்ப்புப் புரதங்கள் சீம்பாலில்தான் கிடைக்கின்றன, பிறந்த சில மணி நேரத்துக்குள் அதைக் குடித்தாக வேண்டும். கினிப்பன்றிக்கு அந்தப் புரதங்களில் பெரும்பங்கு கருப்பையில் இருக்கும்போதே வந்து சேர்ந்துவிடுகிறது, மனிதக் குழந்தைக்குப் போலவே. ஆகவே நல்ல எடையுள்ள குட்டி முதல் அரை நாள் பால் குடிக்காமல் இருந்தாலும் தாங்கிக்கொள்ளும். பால் விஷயத்தில் நமக்குக் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. சூடு விஷயத்தில் இல்லை.

பிறந்த கினிப்பன்றிக் குட்டியின் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் கழுத்தைச் சுற்றியும் பழுப்புக் கொழுப்பு என்ற திசு இருக்கிறது. சாதாரணக் கொழுப்பு சேமிப்புக்கு. இது எரிப்பதற்காகவே இருப்பது. இதன் செல்களில் மைட்டோகாண்ட்ரியா என்ற ஆற்றல் தரும் நுண்ணுறுப்புகள் நெருக்கமாக நிறைந்திருக்கும், அவற்றிலுள்ள இரும்புச்சத்துதான் பழுப்பு நிறம் தருகிறது. மற்றச் செல்களில் மைட்டோகாண்ட்ரியா உணவை எரித்து, அந்த ஆற்றலில் புரோட்டான்களை ஒரு சவ்வின் மறுபக்கம் தள்ளுகிறது. அவை திரும்பி வரும் வழியில் ஏடிபி என்ற வேதிப்பொருள் உருவாகிறது, உடல் அதைச் செலவழிக்கிறது. பழுப்புக் கொழுப்பிலோ அந்தச் சவ்வில் ஒரு புரதம் குறுக்குவழி திறந்துவிடுகிறது. புரோட்டான்கள் ஏடிபி செய்யாமல் அதன் வழியே திரும்பிவிட, ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறுகிறது. கிளட்சை மிதித்தபடி ஆக்சிலரேட்டரை அழுத்தினால் சக்கரம் சுழலாமல் எஞ்சின் மட்டும் சூடாவதுபோலத்தான். இப்படி நடுங்காமலேயே உடம்பைச் சூடாக வைத்துக்கொள்கிறது அந்தக் கைப்பிடி அளவு உயிர்.

இந்த எரிப்புக்கு எரிபொருளும் வேண்டும், ஆக்சிஜனும் வேண்டும். நலிந்த குட்டிக்கு இரண்டிலும் குறை வருகிறது. 60 கிராமுக்குக் கீழே பிறந்ததற்குச் சேமிப்பே சொற்பம். உடம்பு சிறுக்கச் சிறுக்க, எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு கூடும், சூடு சீக்கிரம் வெளியேறும். ரோமம் ஈரமாக இருந்தால் இன்னும் மோசம். பிரசவம் இழுத்துக்கொண்டே போயிருந்தால் மூச்சுத் திணறி ஆக்சிஜன் குறைந்திருக்கும், அப்போது பழுப்புக் கொழுப்பு இருந்தும் சரியாக எரியாது. முதல் பிரசவத்தைத் தள்ளிப்போட்ட தாய்க்கு இந்த ஆபத்து அதிகம். ஆறேழு மாத வயதுக்குமேல் முதன்முறை சினையாகும் கினிப்பன்றிக்கு இடுப்பெலும்பின் முன் இணைப்பு இறுகிவிட்டிருக்கும், பிரசவத்தில் போதுமான அளவு விரியாது. அந்த இணைப்பைத் தளர்த்தும் ரிலாக்சின் ஹார்மோனை 1926-இல் ஃபிரெடெரிக் ஹிசா கண்டறிந்ததே கினிப்பன்றிகளில்தான்.

சரி, குளிர்ந்த உடம்பில் பால் என்ன செய்யும்? உடல் வெப்பம் இறங்கினால் விழுங்கும் அனிச்சைச் செயல் மங்கிவிடும், குடல் அசைவதும் நின்றுபோகும். வாயில் விட்ட பால் நுரையீரலுக்குப் போய் நிமோனியாவாக முடியலாம். தப்பித்தவறி வயிற்றுக்குப் போனாலும் செரிக்காமல் தேங்கி உப்பும்.

ஆகவே முதலில் துடைத்து உலர்த்துங்கள். மூக்கில் சவ்வோ சளியோ இருந்தால் மெல்லிய துணியால் எடுத்துவிடுங்கள். அப்புறம் சட்டைக்குள், நெஞ்சோடு வைத்துக்கொள்ளுங்கள். நம் உடம்புச் சூடு மெதுவாக ஏறும், சுடவே சுடாது. நாம் தொட்டதால் தாய் ஒதுக்கிவிடும் என்ற பயம் வேண்டாம், கினிப்பன்றி அப்படிச் செய்வதில்லை. லோட் ஷெடிங் பார்த்துப் பழகிய நாட்டில் மின்சாரச் சூடுமெத்தையை மட்டும் நம்பி இருக்க முடியாது. கேஸ் அடுப்பில் தண்ணீர் காய்ச்சி, பிளாஸ்டிக் பாட்டிலிலோ சுடுநீர்ப் பையிலோ ஊற்றி, துண்டால் சுற்றிக் கூண்டின் ஒரு மூலையில் வையுங்கள். ஒரே மூலையில் மட்டும்தான். பெரிய கினிப்பன்றிக்கு 30 டிகிரி என்பதே ஆபத்தான வெக்கை. தாய் விலகிப் போய்ப் படுக்க இடம் வேண்டும், குட்டியும் சூடு போதும் என்றால் நகர்ந்துகொள்ள வேண்டும். தண்ணீர் ஆறிவிட்டால் அந்தப் பாட்டிலே குட்டியின் சூட்டை உறிஞ்சத் தொடங்கும் என்பதால் இரவில் எழுந்து மாற்றத்தான் வேண்டும். அரைமணி, ஒருமணி நேரத்தில் உடம்பு வெதுவெதுப்பாகி, தலை தூக்கி, மெலிதாகக் கீச்சிட்டால் பாலைப் பற்றி யோசிக்கலாம்.

அப்போதும் சிறந்த பால் தாயிடம்தான் இருக்கிறது. கினிப்பன்றிக்கு இரண்டே முலைக்காம்புகள். நான்கு குட்டிகள் இருந்தால் வலுத்தவை முட்டிமோதிக் குடித்துவிடும், மெலிந்தது தள்ளப்படும். வலுத்தவற்றைச் சற்று நேரம் பக்கத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, மெலிந்ததைத் தாயோடு தனியே விடுங்கள். பகலில் சில முறை இப்படிச் செய்தால் சிரிஞ்சே தேவைப்படாமல் போகலாம். பால் கொடுக்கும் இன்னொரு பெண் கினிப்பன்றி இருந்தால் இன்னும் நல்லது, அடுத்ததன் குட்டிக்கும் அது பால் தரும்.

வேறு வழியே இல்லை என்றால்தான் கையால் புகட்டுவது. கினிப்பன்றிப் பாலில் புரதம் சுமார் 8 சதவீதம், பால்சர்க்கரை 3 சதவீதம். பசும்பாலில் புரதம் அதில் பாதிகூட இல்லை, பால்சர்க்கரையோ கூடுதல். பசும்பால் குடித்த குட்டிக்கு வயிற்றுப்போக்கு வருவது இதனால்தான். என்ன பால், எவ்வளவு என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் புகட்டும் விதம் நம் கையில். மல்லாக்கப் படுக்கவைக்கவே கூடாது. நான்கு காலும் கீழே இருக்க, 1 மில்லி சிரிஞ்சின் நுனியை வாயோரம் வைத்து ஒரு சொட்டு விட்டு, அது விழுங்கிய பிறகு அடுத்த சொட்டு. மூக்கில் பால் வந்தால் உடனே நிறுத்துங்கள். ஊட்டி முடித்ததும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் குட்டியின் பின்பக்கத்தை மெல்ல வருட வேண்டும். தாய் நக்கித் தூண்டினால்தான் பச்சைக்குட்டி சிறுநீர் கழிக்கும். இதை மறந்தால் பால் கொடுத்தும் பயனில்லை.

குட்டி பெரியவற்றின் புழுக்கையைத் தின்றால் தடுக்காதீர்கள். புல்லைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் அந்த வழியாகத்தான் அதன் குடலுக்குள் போகின்றன.

நிலைமையை அறிய, கண்ணைவிட சமையலறைத் தராசு நம்பகமானது. தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். முதல் ஓரிரு நாள் கொஞ்சம் குறைவது இயல்பு. நான்காம் நாளும் குறைந்துகொண்டே போனால் பால் போதவில்லை என்று பொருள். தேறிவரும் குட்டி நாளுக்கு 3 முதல் 5 கிராம் ஏறும்.

தாயின் தட்டையும் பார்க்க வேண்டும். மனிதரைப் போலவே கினிப்பன்றிக்கும் வைட்டமின் சி-யை உடம்பில் உருவாக்கத் தெரியாது. 1907-இல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இருவர் தானியம் மட்டும் கொடுத்து இவற்றுக்கு ஸ்கர்வி என்ற வைட்டமின் சி குறைபாட்டு நோயை வரவைத்ததிலிருந்துதான் அந்த வைட்டமினைத் தேடும் ஆராய்ச்சி வேகம் பிடித்தது. பாலூட்டும் தாய்க்குக் கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் வரை தேவைப்படலாம். டர்பன் பக்கத்துத் தோட்டங்களில் குளிர்காலத்தில் பழுக்கும் கொய்யாவில் ஒரு சின்னத் துண்டே அதைத் தந்துவிடும். சர்க்கரையும் இருப்பதால் அளவோடு கொடுங்கள், குடமிளகாயும் ஆகும். வழக்கமான டெஃப் என்ற புல்லின் வைக்கோலோடு, பாலூட்டும் நாட்களில் மட்டும் லூசர்னும் (குதிரைமசால்) வைக்கலாம், அதில் கால்சியமும் புரதமும் அதிகம். தகப்பனை மட்டும் முதல் நாளே பிரித்துவிடுங்கள். குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே தாய் மறுபடி சினையாக முடியும்.

கடைசியாக, மருந்து. வீட்டுப் பிள்ளைக்கு வாங்கி மிஞ்சிய அமாக்சிசிலின் சிரப்பில் ஒரு துளிகூடக் கொடுத்துவிடாதீர்கள், தாய்க்கும் கூடாது. பென்சிலின் வகை மருந்துகள் கினிப்பன்றியின் குடலில் நல்ல நுண்ணுயிர்களைக் கொன்று, நச்சு சுரக்கும் கிளாஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியா பெருக இடம் கொடுக்கின்றன. சில நாளில் உயிர் போய்விடும். எல்லாக் கால்நடை மருத்துவர்களும் இச்சிறு பிராணிகளைப் பார்ப்பதில்லை. போன் செய்யும்போதே "கினிப்பன்றி பார்ப்பீர்களா?" என்று கேளுங்கள், பிறந்த நேரத்தையும் இதுவரை எடுத்த எடைகளையும் சொல்லுங்கள். வண்டியில் போகும்போது குட்டியைத் தனியாகக் கொண்டுபோகாமல் தாயோடு ஒரே பெட்டியில் வைத்து, துணி சுற்றிய சுடுநீர்ப் பாட்டிலையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள்.